யும்தாங் போகாத சேஷாத்ரி

பாலிகஞ்சில் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் யாருக்காவது வெளியூர்ப் பயணம் என்றால் முதலில் படியேறுவது மூன்றாவது மாடிக்குத்தான். அங்கே சேஷாத்ரி இருக்கிறார். எந்த ரயில், எந்த நடைமேடை, பூரியில் எந்த விடுதியில் காலையில் வெந்நீர் வரும், டார்ஜிலிங்கில் எந்த மாதம் பனிமலை கண்ணுக்குத் தெரியும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். கேட்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவதற்குள் பாதிப் பயணத்தைக் காகிதத்தில் எழுதியே கொடுத்துவிடுவார். இதில் கூத்து என்னவென்றால், மனிதர் பூரிக்கும் போனதில்லை, டார்ஜிலிங்குக்கும் போனதில்லை. கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. ஹௌராவில் ஏறினால் சென்னை, அங்கிருந்து கும்பகோணம், திரும்பவும் ஹௌரா. அவர் பார்த்த பாரத தேசம் அவ்வளவுதான்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மத்திய சர்க்கார் வேலையில் இங்கே வந்து சேர்ந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நூறு டிகிரி ஜுரம் அடித்தாலும் லீவு போடாமல் டல்ஹௌசி ஆபீசுக்குப் பஸ் ஏறுவார்கள். மிச்சம் பிடித்த லீவு அத்தனையும் ஊருக்கு. அண்ணா பிள்ளைக்குப் பூணூல், அத்தை பேத்திக்குக் கல்யாணம், குலதெய்வம் கோவிலில் கும்பாபிஷேகம் என்று வருஷத்துக்கு ஒன்று தவறாமல் வந்துவிடும். போகாவிட்டால், "கல்கத்தாக்காரன் கண்ணுக்கு நாமெல்லாம் தெரிவோமா?" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே ஆயுசில் பாதியை ரயிலில் கழித்தவர் சேஷாத்ரி.

அவர் மனைவி அமலாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அதைக் கிளப்பிவிட்டது முதல் மாடி மித்ரா பௌதி.

பௌதி என்றால் இந்த ஊரில் அண்ணி. கல்யாணமாகி இருபத்துநாலு வயதில் பாஷை தெரியாமல் வந்து இறங்கிய அமலாவைக் கையைப் பிடித்துக் கரியாஹாட் சந்தைக்குக் கூட்டிப்போனது அந்த அண்ணிதான். வங்காளம் கற்றுக்கொடுத்தாள். கத்தரிக்காயை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கற்றுக்கொடுத்தாள். பதிலுக்கு அமலா அவளுக்குத் தோசை வார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். அமலாவின் பெண் மஹிமா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மூன்றாவது மாடி ஏறமாட்டாள். முதல் மாடியிலேயே சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள். அப்படிப்பட்ட சிநேகிதம்.

மித்ரா தம்பதிக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மலை ஏறியாக வேண்டும். ஒரு கோடையில் சிக்கிமுக்குப் போய் வந்து ஆல்பத்தைக் காட்டினார்கள். யும்தாங் என்று ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஆறு, தலைக்கு மேலே பனி. ஆற்றின் இரு கரையிலும் இடுப்பு உயரத்துக்கு ரோடோடென்ட்ரான் செடிகள். சிவப்பும் ரோஸும் வெளிர்மஞ்சளுமாகப் பூத்து, இலையே தெரியாமல் நிற்கின்றன. ஏப்ரல் கடைசியிலிருந்து மே பாதிவரைதான் அந்தப் பூ. அமலா அந்த ஒரு படத்தைத் திருப்பாமல் வெகுநேரம் வைத்திருந்தாள். "நாலு பேருமாப் போகலாம், நான் காட்டறேன்" என்றார் பௌதியின் கணவர் மித்ரா தாதா. தாதா என்றால் இங்கே அண்ணன்.

அன்று பிடித்தது சேஷாத்ரிக்குத் திட்டம் போடும் பைத்தியம். ஜனவரி பிறந்தால் யும்தாங் நோட்டு வெளியே வரும். சியால்தாவில் ராத்திரி ரயில், விடிந்தால் நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து ஜீப்பில் காங்டாக், மறுநாள் லாச்சுங், அதற்கடுத்த நாள் பள்ளத்தாக்கு. வடக்கே போகிற பயணம், செவ்வாயும் புதனும் சூலம், ஆகவே வியாழனில் கிளம்ப வேண்டும் என்பதுவரை எழுதிவைப்பார். மார்ச் வந்தால் ஊரிலிருந்து போன் வரும். நோட்டு உள்ளே போகும். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். ஐந்தாறு வருஷம் இப்படியே ஓடியது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அமலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் ஊர்னு வந்துதுன்னா, அப்புறம் நான் யும்தாங்ங்கற பேரையே எடுக்க மாட்டேன். பாத்துக்கோங்கோ."

சேஷாத்ரிக்கு ரோஷம் வந்துவிட்டது. லீவு எழுதிக்கொடுத்து கையெழுத்தும் வாங்கிவிட்டார். பிப்ரவரியில் முன்பதிவு திறக்கிற நாளன்று காலை எட்டு மணிக்கு, மித்ரா வீட்டுப் பெண் ஸ்னேகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், கை வேகம். முதலில் அப்பா அம்மாவுக்கு, உடனேயே சேஷாத்ரி தம்பதிக்கு. இரண்டு டிக்கெட்டும் ஒரே பெட்டியில் உறுதியாகிவிட்டன. சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்தவரை முதல் மாடி வாசலில் நிறுத்தி, அச்சடித்த டிக்கெட்டைக் கையில் கொடுத்தாள்.

வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு படி ஏறியிருப்பார். கும்பகோணத்திலிருந்து அண்ணா போன் செய்தார்.

"டேய் சேஷா, எனக்கு அறுபதாம் கல்யாணம். ஏப்ரல் இருபத்தஞ்சு. நட்சத்திரம் அன்னிக்குத்தான் வரது, மாத்த முடியாது. நீ இல்லாம எப்படிடா?"

நல்ல தம்பி என்ன சொல்ல வேண்டும்? "அண்ணா, டிக்கெட் எடுத்தாச்சு, அமலாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லலாம். சொல்லத் தைரியமில்லை. சரி, மேலே போய் மனைவியிடமாவது, "அண்ணாவுக்கு என்னால இல்லேன்னு சொல்ல முடியலை" என்று சொல்லலாம். அதற்கும் தைரியமில்லை. முதல் மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் இடையே நாற்பது படி. அந்த நாற்பது படியில் மனிதர் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்.

"டிக்கெட் கிடைச்சுதா?" என்று அமலா வாசலிலேயே நின்று கேட்டாள்.

"வெயிட்டிங் லிஸ்ட். அவா ரெண்டு பேருக்கும் முதல்ல போட்டுண்டுட்டா. நம்மளது போடறதுக்குள்ள தீந்துபோயிடுத்து."

அமலா முகம் சுருங்கிப்போயிற்று. "தன் வீட்டுக்கு முதல்ல, நமக்கு அப்பறமா? நாலு பேருக்கும் சேர்த்துன்னா போடணும்?"

"விடு, சின்னப் பொண்ணு. நீ ஒண்ணும் கேட்டு வைக்காதே, சங்கடப்படும்."

பாருங்கள் அந்தப் பெருந்தன்மையை. நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. ஏப்ரலில், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, "கன்ஃபர்ம் ஆகலை. லீவு இருக்கு, வீணாக்குவானேன், அண்ணாவோட அறுபதுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். கீழே மித்ரா தாதாவிடம், அண்ணாவின் அறுபதாம் கல்யாணம், போகாமல் தீராது என்று உள்ளதைச் சொன்னார். அதாவது ஊராருக்கு நிஜம், பெண்டாட்டிக்குப் பொய்.

ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டியோடு இறங்கும்போது அமலா முதல் மாடியில் நின்றாள். பௌதி சிரித்துக்கொண்டே வந்தாள். "உங்க பொண்ணு உங்க டிக்கெட்டை மட்டும் சரியாப் போட்டுட்டா. நன்னாப் போயிட்டு வாங்கோ" என்று அமலா வங்காளத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிட்டாள். பௌதியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனதைப் பின்னால் வந்த சேஷாத்ரி பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் இறங்கினார்.

திரும்பி வந்தால், மித்ரா தம்பதியும் யும்தாங் போகவில்லை என்று தெரிந்தது. "குத்தம் பண்ணினவாளுக்கு உறுத்தத்தானே செய்யும்" என்றாள் அமலா. அதோடு போக்குவரத்து நின்றது. படியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, துர்கா பூஜைக்கு ஒரு தட்டு இனிப்பு, அவ்வளவுதான். அந்த நவம்பரில் மித்ரா தாதா மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அமலா துக்கம் கேட்கப் போனாள். மற்ற அண்டைவீட்டுக்காரர்களோடு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மேலே வந்துவிட்டாள். வந்து சமையலறையில் நின்று அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சேஷாத்ரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு அமலா யும்தாங்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

சேஷாத்ரி ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகிறது. இனிமேல் லீவு கேட்க ஆளில்லை. அண்ணாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பிப்ரவரியில் ஒரு காலை எட்டு மணிக்குத் தன் போனில் தானே உட்கார்ந்து, ஏப்ரல் இருபத்துமூன்று வியாழக்கிழமைக்கு இரண்டு கீழ் பெர்த் போட்டார். எல்லைப்புறம் போக அனுமதிச் சீட்டுக்குப் புகைப்படம், வாக்காளர் அட்டை நகல், காங்டாக்கில் அறை, லாச்சுங்கில் அறை, ஜீப் டிரைவரின் போன் நம்பர், ஒன்று விடாமல் முடித்துவிட்டுத்தான் அமலாவிடம் காட்டினார்.

அவள் போனை வாங்கிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டாள். ஐம்பத்தேழு வயது முகம், அந்த ஆல்பத்தைத் திருப்பாமல் வைத்திருந்த நாளில் இருந்தது மாதிரி ஆகிவிட்டது. அந்த நிமிஷத்தில் சேஷாத்ரிக்கு எல்லாம் சரியாகிவிட்டதென்று தோன்றியது.

அப்புறம் வீடு திமிலோகப்பட்டது. கரியாஹாட் நடைபாதைக் கடையில், வேர்வை ஒழுகுகிற வெயிலில், குரங்குக் குல்லாய் பேரம் பேசினாள் அமலா. ரயிலுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளுக்குப் புளியோதரை, ஜீப்பில் வாந்தி வந்தால் கடிக்க நார்த்தங்காய் என்று பட்டியல் போட்டாள். ஹைதராபாத்தில் இருக்கும் மஹிமாவுக்குத் தினம் ஒரு போன். பேச்சுக்கு நடுவே ஒரு நாள், "இந்தத் தடவை அப்பாவே போட்டா, அதான் கிடைச்சுது. அன்னிக்கு இன்னொருத்தர் கையில குடுத்ததுதான் தப்பாப் போச்சு" என்றாள். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சேஷாத்ரிக்கு அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை.

சித்திரை பிறப்பதற்கு முதல் நாள், பச்சடிக்கு மாங்காயும் வேப்பம்பூவும் வாங்க லேக் மார்க்கெட் போனார். தமிழ்க் கடை வாசலில் இட்லி அரிசிப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றது பௌதி. அறுபத்தெட்டு வயதாகிறது, தலை முழுக்க நரைத்துவிட்டது. பையை வாங்கிக்கொண்டார். ஒரே ஆட்டோவில் வந்தார்கள். வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், யும்தாங் போவதைச் சொல்லிவிட்டார்.

"ஏப்ரல் கடைசியா? நல்ல சமயம்" என்றாள் பௌதி. வங்காளத்தில்தான் பேச்சு, தமிழில் சொன்னால் இப்படி வரும். "ஆனா லாச்சுங்ல ரொம்பத் தூங்கிடாதீங்க. விடிஞ்சதும் கிளம்பிடுங்க. பத்து மணிக்கு மேல மேகம் இறங்கிட்டா ஒரு பூ தெரியாது."

முதல் மாடியில் பையை உள்ளே வைத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கூடத்தில் கால் வைக்கிறார். சுவரில் மித்ரா தாதா மாலை போட்டுக்கொண்டு இருந்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கால் நகரவில்லை.

"பௌதி, அந்த வருஷம் எங்க டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிருந்தது."

"தெரியும்."

"தெரியுமா?"

"அமலா படியில அப்படிச் சொல்லிட்டுப் போனதும் ஸ்னேகாகிட்ட கேட்டேன். அவ ரெண்டு டிக்கெட்டையும் திறந்து காட்டினா. அழுதா. 'நான் மேல போய்ச் சொல்றேம்மா'ன்னா. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன் பௌதி?"

"சொன்னா நீங்க பொய் சொன்னது தெரிஞ்சுடும். அடுத்த வீட்டுக்காரி சுயநலக்காரின்னு நினைச்சுக்கிட்டு ஒருத்தி வாழ்ந்துடலாம். புருஷன் தன்கிட்ட பொய் சொல்றான்னு நினைச்சுக்கிட்டு வாழறது கஷ்டம். எப்படியும் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். ஊர்லேருந்து வந்ததும் சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் பூஜைக்குள்ளேன்னு பார்த்தேன்."

சேஷாத்ரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தும் கேட்டார். "நீங்க ஏன் அன்னிக்குப் போகலை?"

"அவர்தான் கேன்சல் பண்ணிட்டார். 'அமலா பாக்கணும்னுதானே இந்த வருஷம் யும்தாங். அவ இல்லாம நாம எதுக்கு? அடுத்த வருஷம் நாலு பேருமாப் போகலாம்'னார்." பௌதி அரிசிப் பையின் வாயைப் பிரித்து டப்பாவில் கொட்ட ஆரம்பித்தாள். "உங்களைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. கேட்டீங்க, சொன்னேன். ஆனா என்கிட்ட சொல்லி என்ன, சேஷாத்ரிபாபு? எனக்குத் தெரிஞ்சதுதானே? தெரியாதவ மேல இருக்கா."

மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த மனிதர், வேப்பம்பூவை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மித்ரா தாதாவின் கடைசி மலையைத் தான் தின்றுவிட்டோம் என்ற நினைப்பு ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக்குள் ஒரு சண்டைக்குப் பயந்து சொன்ன ஒரு வார்த்தை, இன்னொரு வீட்டில் போய் இப்படி விழும் என்று அன்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சொல்லியிருப்பாரா என்றால், அதுவும் உறுதியில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். செய்தவர் உடனே சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. இன்னும் பத்து நாளில் பயணம். இப்போது சொன்னால் அமலா வரமாட்டாள்; அவளைத் தெரியாதா? பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரட்டும், அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். அவளுக்காகத்தான் தள்ளிப்போடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக அவர் செய்துவந்ததும் இதே வேலைதான்.

மூன்று நாள் கழித்து, காலைக் காப்பி ஆனதும், இருவரும் மொட்டைமாடியில் கம்பளித் துணிகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார்கள். அமலா ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்.

"காத்தால பௌதியைப் படியில பாத்தேன். யும்தாங் போறோம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. சொல்லலை. குத்திக் காமிக்கற மாதிரி ஆயிடும். தாதா போனப்பறம் ரொம்பத் தளந்துட்டா, பாவம்."

சேஷாத்ரி ஒரு மஃப்ளரை எடுத்து உதறினார்.

"பொண்ணு ஏதோ தெரியாமப் பண்ணிட்டா. அதுக்காக எத்தனை வருஷம் மனசுல வெச்சிண்டிருக்கறது? நான் பௌதியை மன்னிச்சுட்டேன். வந்ததும் ஒரு நாள் கூப்பிட்டுச் சாதம் போடறேன்."

அந்த ஒரு சொல்தான் சேஷாத்ரியால் தாங்க முடியவில்லை. ஒரு தப்பும் செய்யாதவளை இவள் மன்னிக்கிறாள். தப்பு செய்தவன் பக்கத்தில் நின்று மஃப்ளர் உதறிக்கொண்டிருக்கிறான். மஃப்ளரைக் கொடியில் போட்டுவிட்டு, வந்தது வரட்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அச்சடித்த டிக்கெட், படியில் வந்த அண்ணாவின் போன், வாசலில் சொன்ன பொய், மித்ரா தாதா எதற்காகக் கேன்சல் செய்தார் என்பது, ஒன்றையும் விடவில்லை.

அமலா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். வெயிலில் நின்றபடியே, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிப் பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

"அண்ணாவோட அறுபதுக்குப் போகணும்னு சொல்லியிருந்தேள்னா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிண்டிருந்திருப்பேன். அவ்ளோதானே?"

"ஆமாம்."

"அதுக்கா?"

சேஷாத்ரி கொடியில் கிடந்த மஃப்ளரை இழுத்துச் சரிசெய்தார்.

"பன்னண்டு வருஷமா அவ மூஞ்சியைப் பாக்காம அந்தப் படி ஏறியிருக்கேன். அவ மேல ஒரு தப்பும் இல்லேன்னு தெரிஞ்சிண்டே நீங்க என் பின்னாலயே ஏறி வந்திருக்கேள். தாதா போன அன்னிக்குப் பத்து நிமிஷம் உக்காந்துட்டு எழுந்து வந்தேன். அவ என் கையைப் பிடிச்சா. நான் உருவிண்டு வந்தேன். அப்பவும் சொல்லலை நீங்க."

"தப்புதான், அமலா. பயந்துண்டுதான்..."

"எனக்கா பயந்தேள்? நான் என்ன பண்ணியிருப்பேன் உங்களை?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

துணிகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். சேஷாத்ரி பின்னால் இறங்கி, தங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். முதல் மாடியில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தது கேட்டது. பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பெண்கள் அழுகிறது கேட்டது. எது யார் அழுகை என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று அமலா திரும்பி வர. முகம் கழுவியிருந்தாள்.

"பௌதி வரேன்னுட்டா. முதல்ல மாட்டேன்னா. தாதா இல்லாம அந்த இடத்தைப் பாக்க முடியாதுன்னா. அவர் காட்டறேன்னு சொன்னதை நீங்க காட்டுங்கோன்னு கையைப் பிடிச்சிண்டு கேட்டேன். வரேன்னுட்டா."

சேஷாத்ரிக்கு உயிர் வந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. மூணு பேருமாப் போகலாம். இப்பவே இன்னொரு டிக்கெட்..."

"நாங்க ரெண்டு பேர்தான் போறோம். உங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு பௌதி பேர்ல போடுங்கோ."

சொன்னதில் கோபம் இல்லை. காய்கறிக்காரனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்கிற குரல். சேஷாத்ரி போனை எடுத்தார். தன் டிக்கெட்டை ரத்து செய்வதற்கு முன்னால் அதே ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பூக்காலம், கல்கத்தா முழுக்க மலைக்குக் கிளம்புகிற வாரம். அந்த ரயிலில் இல்லை. அதற்கு முந்தினதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"எல்லாத்துலயும் வெயிட்டிங் லிஸ்டா இருக்கு, அமலா" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். அமலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே வெயிட்டிங் லிஸ்ட்தான். ஆண்டவன் சத்தியமாக வெயிட்டிங் லிஸ்ட்தான். அதைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தார், சொல்ல வரவில்லை.

அமலா பக்கத்தில் வந்து, அவர் கையிலிருந்த போனை வாங்கித் தானே பார்த்தாள். முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் சொன்ன எதையும் அவள் இப்படி வாங்கிப் பார்த்ததில்லை. நிதானமாக, ஒவ்வொரு ரயிலாகப் பார்த்தாள். அதோடும் விடவில்லை. கீழேயிருந்து ஒரு சீட்டில் எழுதி வாங்கிவந்த நம்பருக்குத் தன் போனிலிருந்து பேசினாள்.

"ஸ்னேகா, நான் அமலா காகிமா பேசறேன்" என்று, சித்தி முறை சொல்லி வங்காளத்தில் ஆரம்பித்தவளுக்கு மேலே பேச முடியவில்லை. புனேயிலிருந்து அந்தப் பெண் என்ன சொன்னாளோ, இவள் "ஆமாம்மா, ஆமாம்மா, என் தப்புதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இருபத்துமூணாந் தேதி சியால்தாவிலேருந்து ரயிலெல்லாம் நெஜமாவே நெறஞ்சுடுத்தா, நீ கொஞ்சம் பாத்துச் சொல்றியா?" என்று கேட்டாள். சேஷாத்ரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்னேகா பார்த்துச் சொன்னாள். சேஷாத்ரி சொன்னதையேதான் சொன்னாள்.

"சரி, நெஜம்தானாம்" என்றாள் அமலா போனை வைத்துவிட்டு. "ரெண்டு பேருக்கும் பாக்டோக்ராவுக்குப் ப்ளேன்ல போட்டுடறாளாம். வண்டி, ரூம், பெர்மிட் எல்லாம் அவளே பாத்துக்கறாளாம். நீங்க போட்டதையெல்லாம் கேன்சல் பண்ணிடுங்கோ."

"ரூமாவது இருக்கட்டுமே. லாச்சுங்ல ஆத்தைப் பாத்த ரூமா கேட்டு வாங்கியிருக்கேன். டிரைவர் நல்ல மனுஷன், தினம் பேசிண்டிருக்கேன். அந்த உயரத்துல மூச்சு வாங்கினா என்ன பண்ணணும்னு..."

"அதெல்லாம் பௌதிக்குத் தெரியும்."

சேஷாத்ரி தலையை ஆட்டினார். லாச்சுங் விடுதிக்குப் போன் போட்டு, ஏப்ரல் இருபத்தைந்துக்குச் சொல்லியிருந்த அறை வேண்டாம் என்றார். எதிர்ப்பக்கம் யாரோ காரணம் கேட்டார்கள். "பெரியவர் ஒருத்தரால வர முடியலை" என்று இந்தியில் சொல்லிவிட்டு, அடுத்ததாக ஜீப் டிரைவரின் நம்பரைத் தேடினார்.